"பைப் டவுன்" - யார் யாரிடம் சொல்லலாம்?

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் போன வாரம் நடந்தது. இரவு ஷிப்ட், டீ இடைவேளை. ஊரிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன ஒரு தம்பி கேன்டீனில் உட்கார்ந்து அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். பக்கத்து மேசையில் அறுபதைத் தொட்ட ஒரு வெள்ளைக்காரர் ஃபுட்பால் கதை சொல்லிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தம்பி போனைக் கையால் பொத்திக்கொண்டு, சிரித்த முகமாக, "பைப் டவுன், ப்ளீஸ்" என்றான். மேசையே அடங்கிப்போனது. பெரியவர் டீ கப்பை மெதுவாக வைத்தார். கையுறைகளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"ஷட் அப்னு சொல்லலையேண்ணா, ப்ளீஸும் போட்டேனே" என்று என்னிடம் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். ஒரு வீடியோவைக் காட்டினான். பைப் டவுன், ஜிப் இட், பெல்ட் அப், புட் எ சாக் இன் இட் என்று வரிசையாகப் போகிறது. அத்தனைக்கும் எதிரே ஒரே தமிழ்: 'அமைதியாக இருங்கள்'.

எனக்குக் கோபம் வந்தது அந்த 'ங்கள்' மேல்தான். நம்மிடம் 'சும்மா இரு'வுக்கும் 'சும்மா இருங்க'வுக்கும் உள்ள தூரம் மூன்று வயதுப் பிள்ளைக்கே தெரியும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. மரியாதையும் அவமரியாதையும் விகுதியில் இல்லை, எந்தத் தொடரை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பட்டியல் மட்டும் கொடுப்பவர்கள் பிள்ளைகளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுகிறார்கள்.

பைப் டவுன் கப்பலிலிருந்து வந்த சொல். பிரிட்டிஷ் கடற்படையில் போசன் என்னும் அலுவலர் சின்ன ஊதல் ஒன்றை ஊதித்தான் மாலுமிகளுக்கு உத்தரவு சொல்வார். நாளின் கடைசி ஊதல் பைப் டவுன்: கீழே போ, விளக்கை அணை, பேச்சை நிறுத்து. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குப் போடும் கட்டளை. இன்றும் வகுப்பில் கூச்சல் போடும் பிள்ளைகளிடம் வாத்தியார் சொல்வார். அப்பா வயதுக்காரரிடம் சொன்னால் 'டேய், அடங்கு' என்று சொன்ன மாதிரிதான். ப்ளீஸ் ஒட்டினாலும் அந்த 'டேய்' போகாது.

புட் எ சாக் இன் இட், வாயில் காலுறையைத் திணி என்பது, சேர்ந்து பீர் குடிக்கிற கூட்டாளிக்குள் சிரித்தபடி சொல்வது. ஷட் அப்கூட எப்போதும் திட்டு இல்லை. தோழி கல்யாணச் செய்தி சொன்னால் இன்னொருத்தி "ஷட் அப்!" என்பாள். நம் ஊர் "அடிப் போடி, நெஜமாவா!"தான் அது. ஸ்காட்லாந்துப் பாட்டிகள் பேரப்பிள்ளையிடம் சொல்லும் "வீஷ்ட்" நம் "உஷ்"ஷுக்குத் தங்கச்சி மாதிரி, கேட்கவே இதமாக இருக்கும். மறுபக்கம், கனிவான சொல்லும் குத்தும். 2011இல் நாடாளுமன்றத்தில் பிரதமர் கேமரன், ஏஞ்சலா ஈகிள் என்ற பெண் உறுப்பினரிடம் "காம் டவுன், டியர்", அதாவது 'அமைதியாகு, கண்ணே' என்றார். அந்த 'டியர்'தான் பெரிய சண்டையைக் கிளப்பியது.

என் மனசுக்குப் பிடித்தது 'கீப் மம்'. உதட்டை மூடினால் வரும் 'ம்' ஒலிதான் இந்த மம். ஆங்கிலேயருக்கு அது மௌனம். நமக்கோ, கதை சொல்பவரை மேலே போகச் சொல்லி உம் கொட்டுகிற ஒலி. ஒரே உதடு, ஒரே ஒலி! இங்கே அம்மாவுக்கும் மம் என்றே பெயர். இரண்டாம் உலகப் போரில் "பி லைக் டாட், கீப் மம்" என்று அரசே சுவரொட்டி போட்டது. அப்பாவைப் போல வாயை மூடிக்கொள் என்றும், அம்மாவை வைத்துக் காப்பாற்று என்றும் இரண்டு பொருள். எடித் சம்மர்ஸ்கில் என்ற பெண் எம்.பி. அப்போதே அதை எதிர்த்தார்.

தம்பியோடு உட்கார்ந்து, அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் யாரிடம் சொல்வது என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர்களிடம் சொல்ல "குட் யூ கீப் இட் டவுன் எ பிட்?", 'கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியுமா?' என்று ஒன்றை மட்டும் பழக்கினேன்.

மறுநாள் இரவு அவனே அவரிடம் போனான். "சாரி, ஐ வாஸ் டாக்கிங் டு மை மம்" என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.