காரணம் எழுதும் கட்டம்

ஆறேழு வருடம் முன்பு, கிண்டியில் ஒரு கம்பெனியில் இருந்தபோது, கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். இன்டர்வியூவில் நாங்கள் மூன்று பேர். ஒரு திருநங்கை வந்திருந்தார். எழுத்துத் தேர்வில் அன்று அவர்தான் முதல் மார்க். கத்துகிற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன். "இந்த ஊர்ல எங்களுக்கு வாடகை வீடு தேடிப் பாருங்க சார், அப்புறம் யாரையும் சமாளிக்கலாம்" என்றார். மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

அவர் வெளியே போனதும் மேனேஜர், "நல்லாத்தான் பேசுறாங்க. நாளைக்கு லேடீஸ் ரெஸ்ட்ரூம் பிரச்சினை வரும், நமக்கெதுக்கு வம்பு?" என்றார். மதிப்பீட்டுத் தாளில் காரணம் எழுதும் கட்டத்தில் 'டீமுக்குப் பொருந்தமாட்டார்' என்று எழுதினார். கீழே மூன்று கையெழுத்து. ஒன்று என்னுடையது.

நேற்று ஒரு நண்பர், திருநர், தன்பாலீர்ப்பாளர் வேலை உரிமை பற்றி, "அதான் சட்டமெல்லாம் வந்தாச்சே, இன்னும் என்ன கேட்கிறார்கள்?" என்று எழுதியிருந்தார். சரி, என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் வந்தது. ஆள் எடுப்பதிலோ பதவி உயர்விலோ எந்த நிறுவனமும் திருநரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 9-ஆம் பிரிவு. தனியார் கம்பெனிக்கும் இது பொருந்தும். ஆனால் தண்டனையைச் சொல்லும் 18-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கொத்தடிமை வேலை வாங்கினால், பொது இடத்தில் தடுத்தால், வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்தினால், துன்புறுத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. வேலை தர மறுப்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை!

இதுவாவது இருக்கிறது. தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கு இதுவும் கிடையாது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவின் வீச்சைக் குறைத்ததோடு அவர்கள் குற்றவாளிகள் இல்லை என்றானது. அரசு வேலை என்றால் அரசியல் சாசனத்தைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போகலாம். தனியார் கம்பெனியில், "உன் பார்ட்னர் ஆணாமே" என்று தெரிந்த மறுவாரம் அனுப்பிவிட்டால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டுவது? கம்பெனி பாலிசியில் ஏதாவது நல்ல வரி இருந்தால் அதிர்ஷ்டம்.

அரசுப் பக்கமும் சுலபமில்லை. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸை, அவர் வீட்டுக்குள் புகுந்து யாரோ எடுத்த வீடியோவை வைத்து 2010-இல் இடைநீக்கம் செய்தார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று அதற்குத் தடை போட்டது. 7-ஆம் தேதி அவர் வாடகை வீட்டில் இறந்து கிடந்தார். கோர்ட்டில் தடை வாங்கியவர் அவர்.

நம்மூரில் திருநங்கை பிரித்திகா யாஷினி கதை தெரியும். எஸ்.ஐ. தேர்வு விண்ணப்பத்தில் ஆண், பெண் தவிர வேறு கட்டம் இல்லை என்று தள்ளினார்கள். அவரும் கோர்ட் ஏறி இறங்கித்தான் அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டார்.

அமெரிக்காவில் 2020 ஜூனில் பாஸ்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ரொம்ப எளிமையான தர்க்கம். ஆணை விரும்பும் பெண்ணை வேலையில் வைத்துக்கொண்டு, ஆணை விரும்பும் ஆணை மட்டும் வேலையை விட்டு நீக்கினால் அது பாலினப் பாகுபாடுதானே? 1964-ஆம் வருடச் சிவில் உரிமைச் சட்டமே அதற்குப் போதுமானதாக இருந்தது. நம்மிடம் தனியார் வேலைக்கு அப்படியொரு பொதுவான சட்டமே கிடையாது. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். கூடவே, ஒருவரை ஏன் எடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'டீமுக்குப் பொருந்தமாட்டார்' என்ற ஒரு வரி எல்லாச் சட்டத்தையும் தாண்டிப் போய்விடும். எழுதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

2019 சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். போன மாதம் இப்போதைய ஆபீஸில் எச்.ஆர். பெண்ணிடம், நம்மிடம் அது யாரும்மா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் சார், நம்ம ஆபீஸ்ல அப்படி யாராவது இருக்காங்களா?" என்றார்.