மலிவு மெஷின் வாங்கியவன் முட்டாள் இல்லை

சனிக்கிழமை சர்வீஸ் கடையில் நடந்ததை அன்றைக்கே நாலு வரி எழுதினேன். கோபத்தில் எழுதியது, ராத்திரியே எடுத்துவிட்டேன். "விடுங்க அண்ணே" என்று நிறைய பேர் போன் செய்தீர்கள். விட முடியவில்லை. நான் ரிப்பேருக்குக் கொண்டுபோன செயின்சாவை, அதாவது மரம் அறுக்கும் மெஷினை, சரி செய்ய மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை, அது அவர் கடை. ஆனால் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது என் மெஷினைக் காலால் வாசல் பக்கம் தள்ளி, "சீனா குப்பையையெல்லாம் இங்க கொண்டாராதீங்க, விறகு வெட்டுறவனுக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்" என்றார். பக்கத்தில் என் மகன் நின்றுகொண்டிருந்தான்.

தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டு அடுப்புக்கும் நெல் அவிக்கவும், சொந்தத் தோப்பிலும் வேலியிலும் விழுகிற மரத்தை அறுக்க, இறக்குமதியாகி வரும் மலிவு செயின்சா போதும். தாராளமாக வாங்கலாம். மரம் அறுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர், தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவர் வாங்கக் கூடாது. அவருக்கு ஜெர்மன் மெஷினோ ஸ்வீடன் மெஷினோதான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் பேசுவது வருடத்தில் ஐந்தாறு நாள் ஓட்டுகிறவனைப் பற்றி. அவனை ஏன் இருபதாயிரம், முப்பதாயிரம் போடச் சொல்கிறீர்கள்?

நான் 2019ல் வாங்கினேன். 6,200 ரூபாய். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, அதாவது பார், 22 அங்குலம். எங்கள் பக்கம் மெஷினோடு ஆள் வந்தால் அப்போதே ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். மூன்று நாள் கூலியில் மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு இத்தனை வருடம் ஓடியதெல்லாம் எனக்கு மிச்சம்தான்.

ஏன் 2019 என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் பேராவூரணிப் பக்கம் அன்று காலை வாசலைத் திறந்தவர்களுக்குத் தெரியும், தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எங்களுக்கு 43 தென்னை மரம் சாய்ந்தது. கொட்டகை மேல் மூன்று, கிணற்றுப் பாதையில் ஐந்து. மெஷின் வைத்திருந்த ஆட்கள் ஊருக்கு ஒருவரோ இருவரோதான். மரத்துக்கு 500 கேட்டார்கள், கொடுத்தாலும் எட்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் தூங்காமல்தான் அறுத்தார்கள். என் அப்பாவுக்கு அப்போது 63 வயது. காத்திருக்க மாட்டேன் என்று கோடாலியை எடுத்தார். தென்னை வெளியே இரும்பு மாதிரி இருக்கும், உள்ளே நார். கோடாலி கடிக்காமல் தெறிக்கும். நாலு நாளில் கிணற்றுப் பாதையைத் திறந்தார். ஐந்தாம் நாள் வலது தோள் தூக்க முடியவில்லை. இன்றைக்கு வரைக்கும் அந்தக் கையால் சட்டையை மாட்ட அம்மாதான் உதவ வேண்டியிருக்கிறது.

அந்த வாரம் இந்த 6,200 ரூபாய்க் குப்பை வீட்டில் இருந்திருந்தால் அப்பாவின் தோள் மிஞ்சியிருக்கும். இதைக் கடைக்காரரிடம் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வார்த்தை வந்தது.

சரி, குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பதினோராம் நாள் ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தது. முதல் டேங்க் ஓடி முடிவதற்குள் இரண்டு போல்ட் தளர்ந்தது. இப்போதெல்லாம் புது மெஷின் வாங்குகிற யாரைப் பார்த்தாலும், முதல் டேங்க் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை முறுக்குங்கள் என்று சொல்கிறேன். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் சிசியை அப்படியே நம்ப வேண்டாம். பெட்டியோடு வரும் செயின் சீக்கிரம் மழுங்கும், அதைக் கழற்றி வைத்துவிட்டு நல்ல செயின் ஒன்று போடுங்கள். ஆனால் ஒரு வசதி உண்டு. இந்த மெஷின்களில் பெரும்பாலானவை மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே ஒரே அச்சு. ஒன்றின் கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், ஃபில்டர் இன்னொன்றில் உட்காரும். உதிரிப் பாகம் நூறு, இருநூறில் கிடைக்கிறது. பொருள் இல்லாமல் யாரும் தவிக்கவில்லை, போட்டுத்தரத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில்தான் நிறைய மெஷின் சாகிறது. இந்த மெஷினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். பெயர் பெற்ற கம்பெனி மெஷினுக்கு அவர்களுடைய நல்ல ஆயிலில் 50க்கு 1, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. மலிவு மெஷின் பலவற்றில், கூட வரும் தாளில் 25க்கு 1 என்று இருக்கும், லிட்டருக்கு 40 மில்லி. எங்கள் தெருவில் ஒருவர் பெரிய மெஷின்காரர் பேச்சைக் கேட்டு, கையில் கிடைத்த ஆயிலை 20 மில்லி ஊற்றினார். பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க "பார்த்தியா, சீனா மெஷின்" என்றார்கள். அந்தத் தாளை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

அப்புறம் செயின். அறுக்கும்போது கீழே சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் நிறுத்திவிடுங்கள். அழுத்தி அறுக்காதீர்கள், அரத்தை எடுங்கள். என்னுடைய செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம். ஒவ்வொரு டேங்குக்கும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு. இது தெரியாதவன் கையில் முப்பதாயிரம் ரூபாய் மெஷினும் மாவுதான் தள்ளும்.

இந்தச் செயினுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சனிக்கிழமையிலிருந்து என் மனதில் ஓடுவது அதுதான். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்று ஒரு மரவெட்டி. 1946ல் ஒரு நாள் விறகு வெட்டிக்கொண்டிருந்தவர், அடிக்கட்டையில் ஒரு வண்டுப் புழுவைப் பார்த்தார். அது மரத்தின் நார்வாக்கிலும் அரிக்கிறது, நாருக்குக் குறுக்கேயும் அரிக்கிறது. இடமும் வலமும் மாறி மாறிக் கடிக்கிறது. அதைப் பார்த்துத்தான் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்தார், அடுத்த வருடமே கம்பெனி தொடங்கினார். இன்றைக்கு அந்தக் கடையில் தொங்குகிற செயின் அத்தனையும் அந்த வழியில் வந்தவைதான். விறகு வெட்டுகிறவனுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டீர்களே. உங்களுக்குச் சோறு போடும் செயினை விறகு வெட்டப் போன ஒருவர்தான் கண்டுபிடித்தார், அண்ணே.

"கையைக் காலை வெட்டிக்கொண்டால் யார் பொறுப்பு" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம். பார் நுனியின் மேல்பாதி கட்டையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். முன்னால் இருக்கும் கைக்காப்பு வெறும் பிளாஸ்டிக் தடுப்பு இல்லை, அதுதான் பிரேக். வாங்கும்போது அதைத் தள்ளிப் பாருங்கள், செயின் அந்த நொடியே நிற்காவிட்டால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். கைலி கட்டிக்கொண்டு அறுக்காதீர்கள். தோளுக்கு மேல் தூக்காதீர்கள், மரத்தில் ஏறாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். ஆனால் இது எல்லா மெஷினுக்கும் பொருந்தும். விலை கூடின செயின் காலைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.

"இந்தியத் தயாரிப்பு வாங்கக் கூடாதா" என்பவர்களுக்கு: இதே விலையில் நல்லது வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

"இந்தக் காலத்தில் விறகா, புகை, சுற்றுச்சூழல்" என்று சொல்பவர்களுக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை. சிலிண்டர் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. 800 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய சிலிண்டரில் நாலு மூட்டை நெல் அவிக்கச் சொல்கிறீர்களா? புகையில் என் அம்மாவின் கண் எப்படியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேலியில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவையை அகற்றச் சொல்லி 2017ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே உத்தரவு போட்டது, பிறகு தடையும் வந்தது. அதை யார் அறுப்பது, எதை வைத்து அறுப்பது? முள்ளோடு கோடாலி வீசிப் பார்த்தவர் வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். ஊரில் கெடா வெட்டுக்கு இலை போட்டு உட்காரும்போது ஒருவரும் அடுப்பில் என்ன எரிகிறது என்று கேட்பதில்லை.

எங்கோ போய்விட்டேன். மெஷினுக்கு வருகிறேன். மலிவானதை வாங்கினவனுக்கு அது மலிவு இல்லை. 6,200 ரூபாய் அப்போது எங்கள் வீட்டில் இரண்டு மாதச் சேமிப்பு. அதைத்தான் அவர் காலால் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் நானும் வாசலில் சாக்கு விரித்துப் பிரித்தோம். கார்புரேட்டர் சுத்தமாக இருந்தது, பிளக் நன்றாக இருந்தது. பெட்ரோல் குழாய் விறைத்துப்போய் டேங்குக்குள் நுழையும் இடத்தில் விரிசல், காற்று இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், டேங்கிலேயே கிடந்தால் குழாயைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, மிச்சமும் தீரும்வரை ஓட்டி நிறுத்த வேண்டும். அதைச் செய்யாமல் விட்டது என் தப்பு. புதுக் குழாய் 60 ரூபாய். மகன்தான் மாட்டினான். நாலாவது இழுப்பில் சத்தம் கேட்டதும் உள்ளே கட்டிலில் படுத்திருந்த அப்பா, "என்னப்பா, கெளம்பிருச்சா?" என்றார்.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் இப்படி ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, எந்தக் கடையும் தொடவில்லை என்று மூலையில் போட்டு வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். இன்பாக்ஸில் வழி சொல்கிறேன். எனக்குத் தெரிந்த அளவு பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். வரும்போது அரம் எடுத்து வாருங்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.