நெய்வேலிச் சாம்பலும் ஜெர்மானியமும்

கடலூரில் எங்கள் தெருவில் புதிதாக எழும்பும் வீடுகளில் பாதி இப்போது சாம்பல் கல்லில்தான் கட்டப்படுகின்றன. அதனால்தானோ என்னவோ, "நெய்வேலிச் சாம்பலில் தங்கத்தை மிஞ்சும் உலோகம், சீனா மறைக்கும் ரகசியம்" என்று உறவினர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய செய்திக்கு அத்தனை பேர் கைதட்டினார்கள். அந்த உலோகம் ஜெர்மானியம். அதில் ரகசியம் எதுவும் இல்லை. தங்கத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட அது வராது. ஆனால் நிலக்கரிச் சாம்பலையும் ஜெர்மானியத்தையும் சேர்த்துப் பேசியது முழுப் பொய்யும் அல்ல என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1947-இல் பெல் ஆய்வகத்தில் உருவான முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. பிறகு சிலிக்கான் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. என் வயதுக்காரர்கள் பழைய ரேடியோவைப் பிரித்தபோது பார்த்த டையோடோடு அதன் கதை முடிந்தது என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது வேலையை மாற்றிக்கொண்டது. இணையத் தகவலை ஒளியாகக் கடத்தும் ஒளியிழையின் (ஆப்டிகல் ஃபைபர்) நடுப்பகுதியில் ஒளிவிலகல் எண்ணை உயர்த்தி, ஒளி வெளியே சிதறாமல் காப்பது ஜெர்மானியம் டை ஆக்சைடு. உடல் வெப்பத்தைக் கண்டுகொள்ளும் கேமராக்களின் வில்லைகள் ஜெர்மானியத்தில் செய்யப்படுகின்றன. நம் கண்ணுக்கு ஒளி ஊடுருவாத உலோகத் துண்டாகத் தெரிவது, அகச்சிவப்புக் கதிருக்குக் கண்ணாடியாகிவிடுகிறது. செயற்கைக்கோள்களின் சூரிய மின்கலங்களுக்கு அடித்தளமும் அதுவே.

இத்தனைக்கும் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுத்திகரிக்கப்படும் அளவு மிகச் சிறியது. 2021-இல் சுமார் 140 டன் என்றும், அதில் 95 டன் சீனாவினுடையது என்றும் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. நான்கைந்து பெரிய லாரிகளில் ஏற்றிவிடக்கூடிய சரக்கு அது.

தட்டுப்பாட்டுக்குக் காரணம் பூமியில் அது இல்லாமல் போனதல்ல. ஜெர்மானியத்துக்கென்று தனியாகத் தோண்டப்படும் சுரங்கங்கள் அரிது; பெரும்பாலும் துத்தநாகத் தாதுவின் கூடவும், சில இடங்களில் நிலக்கரியின் கூடவும் ஒட்டி வருகிறது. தவிட்டுக்கு விலை ஏறிவிட்டது என்பதற்காக எந்த அரிசி ஆலையும் கூடுதல் நெல்லை அரைப்பதில்லை. அதுபோலவே ஜெர்மானியத்தின் விலை இரண்டு மடங்கானாலும் துத்தநாகத்துக்குச் சந்தை இருந்தால்தான் தாது வெட்டப்படும். அப்படி வெட்டியபின்பும், கசடிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் பகுதி ஆலையில் இல்லையென்றால் அது கசடோடு கசடாகக் குவிந்து கிடக்கும். காங்கோவின் லுபும்பாஷி நகரில் பல பத்தாண்டுகளாக மலையாய்க் குவிந்திருந்த உலைக் கசடிலிருந்து 2024-இல்தான் ஜெர்மானியச் செறிவுப்பொருள் ஏற்றுமதியாகத் தொடங்கியது.

சீனாவின் பலம் இங்கேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்டு 1 முதல் ஜெர்மானிய ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது; 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கே தடை விதித்தது; 2025 நவம்பரில் அந்தத் தடையை 2026 நவம்பர் 27 வரை நிறுத்திவைத்தது. உரிம முறை நீடிக்கிறது. மற்ற நாடுகள் லாபமில்லை என்று கைவிட்ட பிரித்தெடுக்கும் தொழிலை அந்த நாடு விடாமல் நடத்தி வந்ததற்குக் கிடைத்த பிடி இது என்றே நான் கருதுகிறேன்.

இனி சாம்பலுக்கு வருவோம். நிலக்கரிச் சாம்பலில் ஜெர்மானியம் இருப்பதை 1930-இல் கோல்ட்ஷ்மிட் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். பிரிட்டனில் எரிவாயு ஆலைகளின் புகைபோக்கித் தூசியிலிருந்தே அதை எடுத்தார்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்து லின்சாங்கில் இன்றும் பழுப்பு நிலக்கரியை எரித்து, புகையோடு கிளம்பும் நுண்சாம்பலைப் பிடித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஆவியாகும் ஜெர்மானியம் டெட்ராகுளோரைடை வடித்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கரி தனி ரகம். அருகிலுள்ள கருங்கல் பாறைகளிலிருந்து வெந்நீரூற்றுகள் கொண்டுவந்த ஜெர்மானியத்தைப் பண்டைய சதுப்பு நிலத்தின் மக்கிய தாவரங்கள் உறிஞ்சி வைத்ததால், பூமியின் மேலோட்டில் டன்னுக்கு ஒன்றரை கிராம் அளவே இருக்கும் பொருள் அங்கே டன்னுக்கு நூற்றுக்கணக்கான கிராமாகச் சேர்ந்தது. பழுப்பு நிலக்கரி என்ற பெயர் ஒன்றாக இருப்பதாலேயே நெய்வேலிக் கரியும் அப்படித்தான் என்று குதிப்பது, எல்லா ஊற்றுநீரும் இளநீர் என்பதற்குச் சமம்.

ஆகவே நான் கேட்பது எளிய ஒன்று. ஜெர்மானியம் 2023-இல் வெளியான நம் 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதலும் கிடைத்திருக்கிறது. நெய்வேலியின் ஒவ்வொரு சுரங்கத்துக் கரியும், ஒவ்வொரு அனல்மின் நிலையத்தின் நுண்சாம்பலும், ராஜஸ்தான் துத்தநாக ஆலைகளின் கசடும் என்ன வைத்திருக்கின்றன என்பதை எண்களாகப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும். சாம்பல் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போவதற்கு முன்பே அது தெரிந்திருக்க வேண்டும்.

எண்கள் சாதகமாக வந்து, ஜெர்மானியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை இங்கே வருவதானாலும் என் ஒப்புதலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிகக் கடுமையாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளில் ஒன்றாகக் கடலூரைக் குறித்தது. சிப்காட் காற்றைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். கிலோக் கணக்கில் உலோகம் எடுப்பதற்காக டன் கணக்கில் அமிலத்தையும் சாம்பற்குழம்பையும் கையாளும் ஆலை இது; அந்தக் குழம்பு எங்கே தேக்கப்படும், உப்பனாற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் போகாது என்பதை யார் அளந்து சொல்வார்கள் என்பது, அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே கிராம சபையில் எழுத்தில் வைக்கப்பட வேண்டும்.