பதினான்கு குதிரைசக்தியும் முதல் அறுபது அடியும்

வண்டி பிந்தினால் பவரை ஏற்று என்ற பேச்சை இன்னும் எத்தனை காலம்தான் பொறுத்துக்கொள்வது? ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டையில் பைக் டிராக் பந்தயத்தில், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறிப் பாயும் போட்டியில், அவ்வளவு நடந்த பிறகும் எஞ்சினைச் சீரமைத்துத் தரும் எங்கள் ட்யூனர் அதையே சொல்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

ஆயிரம் சிசி வண்டி, போன முறை 402 மீட்டரை 10.6 விநாடியில் கடந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பட்டை போட்டு இழுத்துக் கட்டித் தாழ்த்துவோம், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மை நீட்டுவோம், எங்கள் பிரிவில் இரண்டுக்கும் அனுமதி உண்டு என்று மன்றாடினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவை மாற்றி எழுதி, 14 குதிரைசக்தி கூடியதாக, சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாளை என் கையில் திணித்தார்.

பச்சை விளக்கு எரிந்ததும் கிளட்சை விட்டேன். முன்சக்கரம் என் முகத்துக்கு நேரே எழும்பியது. த்ராட்டிலைக் குறைத்தேன், தொப்பென்று விழுந்து ஹேண்டில் உதறியது. மறுபடி முறுக்கினேன், மறுபடி எழும்பியது. அதற்குள் பக்கத்துத் தடத்தில், என்னுடையதைவிடச் சக்தி குறைந்த ஆனால் நீட்டித் தாழ்த்திய வண்டியில் வந்தவர், தரையோடு தரையாகப் போயே போய்விட்டார். ஓட்ட நேரங்களை அச்சிட்டுத் தரும் டைம் ஸ்லிப்பைப் பார்த்தேன்: முதல் 60 அடிக்கு 1.85 விநாடியாக இருந்தது 2.2 ஆகியிருந்தது, மொத்தம் 10.9. கடைசி வேகம் மட்டும் மணிக்கு 4 கிலோமீட்டர் கூடியிருந்தது. கூடிய சக்தி முழுவதும், பந்தயம் கைவிட்டுப் போன பிறகுதான் வேலை செய்திருக்கிறது.

எடைமையம் பின்அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற விகிதம்தான் முன்சக்கரம் எப்போது தூக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு அளவும் சமமாக இருந்தால், முடுக்கம் புவியீர்ப்பு அளவை எட்டும்போதே சக்கரம் தூக்கிவிடும். அங்கே 190 குதிரைசக்தி இருந்தாலும் 290 இருந்தாலும் ஒன்றுதான். அமெரிக்க டிராக் பந்தயத்தின் உச்சப் பிரிவான டாப் ஃப்யூயல் கார்களில் சுமார் 11,000 குதிரைசக்தி இருக்கிறது. அவர்களே சக்கர அச்சுகளுக்கிடையே 300 அங்குலம் நீட்டி, முன்சக்கரம் மேலே தூக்காமல் தடுக்கும் வீலி பாரைப் பின்னால் பொருத்தி, கிளட்சைப் படிப்படியாகப் பிடிக்கவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். ஒரு பட்டை கட்டுவது எங்களுக்கு மட்டும் கௌரவக் குறைச்சலா?

நேற்று இரவு அவர் அழைத்தார். புதிய சைலன்சர் போட்டால் இன்னும் ஆறு கூடுமாம். நான் வாங்கிய பட்டை பிரிக்காத உறையோடு அவர் பட்டறை மேசையிலேயே கிடக்கிறது.