ஒரு கைக்கண்ணாடி போதும்

மார்பகத்தை மாதம் ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லி முகாம் நடத்துகிறார்கள். இடுப்புக்குக் கீழே என்றதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம். தன் பிறப்புறுப்பை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே பேரன் பேத்தி எடுத்த பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

என் அத்தைக்கு ராத்திரியானால் அரிப்பு. சுகர் இருப்பதால் வருகிறது என்று அவரே முடிவு செய்து, மெடிக்கலில் க்ரீம் வாங்கி வருஷக்கணக்கில் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். தோல் வெளுத்து மெலிந்திருந்தது. லைக்கன் ஸ்கிலிரோசஸ் என்றார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருவது, ஸ்டீராய்டு களிம்பில் கட்டுப்படுவது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வரை போகலாம். அந்த வெள்ளைத் திட்டு கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்திருக்கும். பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

மாதம் ஒருமுறை, மாதவிடாய் இல்லாத நாளில், கையைக் கழுவிவிட்டு நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து கைக்கண்ணாடியில் பாருங்கள். பிறப்புறுப்பின் உதடுகளை விரலால் விலக்கி, மடிப்புகளையும் ஆசனவாய் வரையும் பாருங்கள். ஒரு பக்கம் பெரிதாக, மறுபக்கம் சிறிதாக இருப்பது இயல்பு, நிறம் கருத்திருப்பதும் அப்படித்தான். புதிதாக ஒரு கட்டி, ஆறாத புண், நிறம் மாறிய திட்டு, விடாத அரிப்பு இருந்தால் டாக்டரிடம் போங்கள். வெள்ளைப்படுதல் எல்லாமே நோய் இல்லை. தயிர்த் திப்பி மாதிரி வந்து அரித்தாலோ, மீன் வாடை அடித்தாலோ, பச்சையாக நுரைத்து வந்தாலோ மருந்து தேவைப்படும். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், வாசனை வாஷ் ஊற்றி உள்ளே கழுவவே வேண்டாம்.

கர்ப்பப்பை வாய் உள்ளே இருக்கிறது, அது இந்தக் கண்ணாடிக்குத் தெரியாது. அதற்கு 30 வயதுக்கு மேல் பரிசோதனை வேண்டும். வினிகர் போன்ற திரவத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனையே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்தது என்று 2007இல் நம் திண்டுக்கல் மாவட்ட ஆய்வு காட்டியது. இப்போது, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கான மாதிரியைப் பெண் தானே குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 முதல் பரிசோதனைக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும் அந்த வாய்ப்பு உண்டு. காலை விரித்துப் படுக்கக் கூசியே ஆஸ்பத்திரிக்குப் போகாத பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறார்கள். அந்தப் பையில் இந்தக் குச்சியும் இருக்க வேண்டும். தொற்று இருப்பதாகத் தெரிந்தால் அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் அதே பணியாளர் சொல்லி அனுப்ப வேண்டும்.