உறைமோர் இல்லாமல் தயிரா?

தயிர் தோய்க்கும் முறையை நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாலும், உறைமோர் இல்லாதவர் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். நுண்ணுயிரை வைத்து பேட்டன்ட் கேட்டு என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பேட்டன்ட் என்பது கொடுக்கல் வாங்கல். 20 வருடம் உரிமை உனக்கு. பதிலுக்கு, படிப்பவர் தானே செய்து பார்க்கும் அளவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இயந்திரத்துக்கு வரைபடம் போதும். வயல் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவை எப்படி வரைவது? அதனால்தான் அதையே கொண்டுவந்து ஒப்படை என்கிறார்கள். 1977இல் கையெழுத்தான புடாபெஸ்ட் ஒப்பந்தப்படி, அங்கீகாரம் பெற்ற ஒரு நுண்ணுயிர்க் காப்பகத்தில் கொடுத்தால் உறுப்பு நாடுகள் எல்லாவற்றிலும் அது செல்லும். இந்தியா 2001 டிசம்பரில் சேர்ந்தது. சண்டிகரில் இருக்கும் எம்டிசிசி என்ற காப்பகம் 2002இலும், புனேயில் இன்னொரு காப்பகம் 2011இலும் இந்த அங்கீகாரம் பெற்றன. கொடுத்ததைக் குறைந்தது 30 வருடம் உயிரோடு காப்பாற்றுவார்கள். எத்தனை ஆய்வகங்களின் ஃப்ரீசர் அவ்வளவு நாள் தாங்கும், சொல்லுங்கள்!

நம்மவர்கள் இதை ஏதோ கடைசியில் ஒட்டும் ஸ்டாம்ப் மாதிரி நினைக்கிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான். பேட்டன்ட் சட்டத்தின் 10ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: விண்ணப்பம் போடும் தேதிக்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். காப்பகத்தின் பெயர், எண் போன்ற விவரங்களை விண்ணப்பத்தில் சேர்க்கத்தான் மூன்று மாதம் அவகாசம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, உயிரி உரக் கலவை ஒன்றுக்கு அவசரமாக விண்ணப்பித்தது ஒரு கல்லூரிக் குழு. கல்ச்சர், அதாவது வளர்த்து வைத்த நுண்ணுயிர், அப்போது அவர்கள் ஃப்ரீசரிலேயே இருந்தது. ஒப்படைத்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால், அதற்குள் அவர்களுடைய கட்டுரையே வெளியாகிவிட்டது. ஏற்கெனவே வெளியானது புதுமை இல்லை, புதுமை இல்லாததற்குப் பேட்டன்ட் இல்லை. சொந்தக் கட்டுரையே புதுமைக்கு எமன். ஆய்வு செய்த மாணவிக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

“கொடுத்தால் திருடிவிட மாட்டார்களா சார்?” என்று கேட்காத ஆள் இல்லை. விண்ணப்பத் தேதிக்கு முன்னால் ஒப்படைத்த நுண்ணுயிர் காப்பகத்திலிருந்து யாருக்கும் போகக் கூடாது என்று அதே பிரிவில் இருக்கிறது. அதற்கப்புறம் போகும், போகத்தான் வேண்டும். 20 வருடம் ஊரையே தள்ளி நிற்கச் சொல்பவர், ஒரு ஸ்பூன் உறைமோருக்குக் கணக்குப் பார்க்கலாமா?

அந்த மாணவி இப்போது வேறொரு கல்ச்சரோடு போராடிக்கொண்டிருக்கிறார். போன வாரம் போன் செய்தார். “சண்டிகரிலிருந்து நம்பர் வந்துடுச்சு சார். இனிமே எழுத ஆரம்பிக்கலாமா?”