கருத்துக் கேட்புக்கு முன்னால் ஒரு கருத்தரங்கு

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சூழலியல், பல்லுயிர்ப் பாதுகாப்பு, காலநிலை மாற்றம் என்ற தலைப்புகளில் ஏதாவது ஒரு கல்லூரியில் கருத்தரங்கு நடக்காத கல்வியாண்டு கிடையாது. அழைப்பிதழின் அடியில் ‘அனைவரும் வருக’ என்று அச்சிட்டிருப்பார்கள். வேலை நாளில், காலை பத்து மணிக்கு, பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் நடத்தப்படும் ஒரு கூட்டத்துக்கு, தேரூர்க் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவிப்பவரோ குளச்சலில் வள்ளம் வைத்திருப்பவரோ வந்து அமர்வார் என்று அந்த வரியை அச்சிட்டவர்களே நம்பியிருக்க மாட்டார்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் நான் அமர்ந்திருக்கிறேன். அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளில் நல்லவையும் உண்டு என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். பொதுப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகமும் அதனோடு இணைந்த கல்லூரிகளும் சூழலியல், பரிணாமம், சுற்றுச்சூழல் அறிவியல் பற்றி நடத்தும் கருத்தரங்குகள், ஊர்க்காரர்கள் தமிழில் கேட்கவும் தமிழில் மறுத்துப் பேசவும் கூடிய பொதுக் கூட்டங்களாக மாற வேண்டும் என்பது என் கருத்து.

இன்றைய நிலையில் அறிவியல் அறிக்கையும் ஊர் மக்களும் ஒரே பந்தலின் கீழ் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தருமுன் நடத்தப்படும் கருத்துக் கேட்புக் கூட்டம். முப்பது நாள் முன்னறிவிப்பும் வட்டார மொழியில் ஓர் அறிக்கைச் சுருக்கமும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. நிலத்தடி நீரோட்டம், கதிரியக்க அளவு, கடலரிப்பு ஆகியவற்றை வாழ்நாளில் முதல் முறையாகக் கேள்விப்படும் ஒருவர், அந்த முப்பது நாளுக்குள் அவற்றைக் கற்றுத் தேர்ந்து, காவல்துறை சூழ்ந்து நிற்கும் ஒரு கூடத்தில் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிச் சில நிமிடங்களில் தம் வாழ்வாதாரத்தைக் காத்துப் பேச வேண்டும். கற்பதற்கு அது ஏற்ற இடமாக எப்படி இருக்க முடியும்? எதிர்ப்பவர் எதிர்ப்பதற்கும் ஆதரிப்பவர் ஆதரிப்பதற்கும்தான் அங்கே வருகிறார்கள்.

கிள்ளியூர் வட்டாரக் கடற்கரை ஊர்களில் சுமார் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் திட்டம் 2024-இல் பேசுபொருளானபோது இதைக் கண்ணால் கண்டோம். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தது 1909-இல். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேலாக இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், கதிரியக்கத் தனிமமான தோரியம் கலந்த மோனசைட் என்று அந்த மணல் உலகம் முழுவதும் ஆராயப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும், அந்த மணலின் மேல் குடியிருப்பவர்கள் 2024-இல் கேட்ட கேள்விகள் மிக அடிப்படையானவை: எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள், கிணற்று நீர் உவர்ப்பாகுமா, திரும்பக் கொட்டும் மணலில் தென்னை வளருமா? ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் இவை புதுக் கேள்விகளாகவே இருந்தன என்றால், குற்றம் கேட்டவர்களுடையதன்று. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் மோனசைட் போன்ற அணுக் கனிமங்களின் சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்களித்து ஒரு குறிப்பாணை வெளியிட்டது. இருந்த ஒரு கதவும் அந்த அளவுக்கு ஒருக்களித்துவிட்ட நிலையில், கல்வி நிறுவனங்களின் பொறுப்பு கூடியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது, கருத்தரங்கு என்றால் போராட்டத்துக்கு ஆதரவான மேடை என்று யாரும் பொருள்கொள்ள வேண்டியதில்லை. நம் கடற்கரையில் புற்றுநோய் பற்றிய பேச்சு எழாத வீடு குறைவு. மணலின் கதிரியக்கமே அதற்குக் காரணம் என்பது இங்கு உறுதிப்பட்ட நம்பிக்கை. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக உள்ள இடங்களில் வாழ்ந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வந்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை. ஒரு கருத்தரங்கு உண்மையில் பொதுக் கருத்தரங்காக இருந்தால் இதை மிடாலத்திலோ இனையம்புத்தன்துறையிலோ நின்று சொல்ல வேண்டும். சொல்பவர் கூச்சலையும் எதிர்கொள்ள வேண்டும். கூடவே, அந்த ஆய்வு நம் மாவட்டத்தில் செய்யப்பட்டதன்று என்பதையும், கலைக்கப்படாத மணலின் மேல் வாழும் மக்களின் உடல்நிலையைப் பற்றியதுதானே ஒழிய, மணலைத் தோண்டிப் பிரிக்கும்போது எழும் தூசியையும் கழிவையும் பற்றியதன்று என்பதையும் அவரே சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொன்னால் அது கனிமம் பிரிக்க வரும் நிறுவனத்தின் விளம்பரம். அதை மறைத்துவிட்டு அச்சத்தை மட்டும் வளர்த்தால் அதுவும் விளம்பரம்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடிய தகுதி ஊரில் பல்கலைக்கழகத்துக்குத்தான் இருக்கிறது என்று இன்னமும் நம்புகிறேன்.

இப்போது நடக்கும் கருத்தரங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போனவர்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று முற்பகல் கரைந்துவிடும். ஆய்வு மாணவர்களின் கட்டுரைகள் மதிய உணவுக்குப் பின், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று ஓட்டப்படும். கேள்வி நேரம் வரும்போது சான்றிதழ் வழங்க ஆரம்பித்திருப்பார்கள். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டில் நடத்திய கருத்தரங்குகளின் எண்ணிக்கைக்கும், பணி உயர்வில் வாசித்த கட்டுரைகளுக்கும் மதிப்பெண் இருக்கும்வரை பேராசிரியர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்களில் பலருக்கு இந்தச் சடங்கின் மேல் நம்மைவிட அதிகச் சலிப்பு உண்டு.

பரிணாமக் கொள்கையின் வரலாற்றிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1858 ஜூலை 1 அன்று இயற்கை அறிவியலாளர்களின் அமைப்பான லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவருடைய கட்டுரைகளும் வாசிக்கப்பட்டன. இருவருமே அங்கு இல்லை. வந்திருந்த அறிஞர்களிடம் சலசலப்பும் இல்லை. அந்த ஆண்டில் குறிப்பிடத்தக்க புரட்சிகரமான கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை என்ற பொருள்படச் சங்கத் தலைவர் தாமஸ் பெல் பிற்பாடு பேசியிருக்கிறார். நான்கு ஆண்டுகள் கழித்து, அதே லண்டனில், தாமஸ் ஹக்ஸ்லி உழைக்கும் மக்களுக்கென்றே பரிணாமம் பற்றி ஆறு உரைகள் ஆற்றினார். அவற்றைச் சுருக்கெழுத்தில் பதிவுசெய்து மலிவான சிறு வெளியீடுகளாகவும் விற்றார்கள். அந்தக் கொள்கை சமூகத்தில் வேர்பிடித்ததில் இரண்டாவது வகைக் கூட்டங்களுக்கு இருந்த பங்கு சிறிதன்று. நாம் 160 ஆண்டுகளுக்குப் பிறகும் முதல் வகையையே திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கிறோம்.

பரிணாமத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கருத்தரங்குகளில் நெகிழி ஒழிப்பு உண்டு, மரம் நடுதல் உண்டு. பரிணாமம் அரிதிலும் அரிது. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கும் மாவட்டம் என்பதால் யாரையும் புண்படுத்திவிடக் கூடாது என்ற தயக்கம் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒன்றிய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2023-இல் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியபோது கண்டித்தவர்களில் நம் மாவட்டத்து ஆசிரியர்களும் இருந்தார்கள். நம் மாநிலப் பாடநூலில் அந்தப் பாடம் இருக்கிறது. ஆனால் பாடநூலுக்கு வெளியே, பெரியவர்கள் கூடும் ஒரு சபையில் அதைப் பேச நாம் துணியவில்லை.

பேசுவதற்குத் தொல்லுயிர் எச்சம் தேடிப் போக வேண்டியதில்லை, நம் வாழைத் தோட்டமே போதும். மட்டி, செந்துளுவன், ஏத்தன், பாளையங்கோட்டன், ரசகதலி என்று இத்தனை வகை வாழையை ஒரே சந்தையில் பார்க்கக்கூடிய ஊர்கள் அதிகமில்லை. மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவற்றில் எதிலும் முளைக்கும் விதை கிடையாது. காட்டு வாழையில் பல்லில் கடிபடும் கல் போன்ற விதைகள் உண்டு. விதையற்ற பிறழ்வுகளையும் கலப்புகளையும் மனிதர்கள் தேர்ந்தெடுத்துக் கன்று மூலம் பெருக்கியதால் வந்தவை நம் வகைகள். ஆகவே ஒரு தோட்டத்து ஏத்தன் வாழைகள் அனைத்தும் மரபளவில் ஏறத்தாழ ஒரே செடி. பாலினக் கலப்பின் வழியே புது வேறுபாடு பிறக்காத அந்தக் கூட்டத்தின் எதிரே, மண்ணில் வாழும் வாடல் நோய்ப் பூஞ்சை மாறிக்கொண்டே இருக்கிறது. உலக வணிகத்தை ஆண்ட குரோ மிஷேல் வாழை அந்நோயால் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் சந்தையிலிருந்து விழுந்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் வாழையைத் தாக்கும் புதிய இனப்பூஞ்சை கடந்த பத்தாண்டுகளில் பீகாரில் கண்டறியப்பட்டுள்ளது. வேறு மாநிலத்திலிருந்து மலிவாகக் கன்று வாங்கலாமா என்று யோசிக்கும் ஒரு விவசாயிக்கு இயற்கைத் தேர்வு என்பது மதத்தோடு மோதும் தத்துவமாகத் தெரியாது. தம் வரப்பருகே நடக்கும் கணக்காகத் தெரியும். இந்த உரையை இப்படிக் கேட்ட பிறகு குரங்கைப் பற்றிய வழக்கமான கேள்வியை அவரே எழுப்பட்டும், அதற்கும் பதில் சொல்லலாம்.

ஊர் மக்கள் கேட்டுக்கொள்ள மட்டும் வருபவர்கள் என்று எண்ணுவதும் பிழை. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன்னாக இருந்த சாளை (மத்தி) மீன்பிடிப்பு, 2021-இல் மூவாயிரத்துச் சொச்சம் டன்னாகச் சரிந்தது. எல் நினோ, கடல்நீர் வெப்பம், குஞ்சு மீன்களை அள்ளியது என்று ஆய்வாளர்கள் காரணம் தேடுகிறார்கள். எந்த மாதத்தில் எந்த நீவாட்டில் (கடல் நீரோட்டத்தில்) சாளைப் படை கரையை ஒட்டி வரும், அது எப்போது முதல் தவறத் தொடங்கியது என்பதை நாள் வாரியாக நினைவில் வைத்திருப்பவர்கள் முட்டத்திலும் தூத்தூரிலும் இருக்கிறார்கள். அந்த நினைவு ஆய்வுத் தரவின் குறையை நிரப்பக்கூடும். சில இடங்களில் தரவு அந்த நினைவைத் திருத்தவும் கூடும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெல் பருவங்களுக்கும் மடை திறக்கும் நாளும், கூழைக்கடாவும் நாரையும் இரை தேடும் நீர்மட்டமும் ஒன்றோடொன்று இசைகின்றனவா முரண்படுகின்றனவா என்பதைப் பறவை ஆர்வலரும் பாசனக்காரரும் எதிரெதிரே அமர்ந்து பேசினால் ஒழியத் தீர்க்க முடியாது.

நம் மலைகளின் தொடர்ச்சியான அகத்தியமலையில் 1987-இல் ஆய்வுக்குழு ஒன்றுக்குக் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்துதான் ஜீவனி என்ற மருந்து உருவாயிற்று. வருவாயில் காணிகளுக்கும் பங்கு என்ற அந்த ஏற்பாடு பன்னாட்டு மாநாடுகளில் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பேச்சிப்பாறைக்கு மேலே வாழும் காணிக் குடும்பங்களிடம் அதன் நிறை குறைகளைத் தமிழில் விளக்கிச் சொன்ன ஒரு கருத்தரங்கை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

தமிழில் பேசினால் தரம் குறையும் என்பார்கள். கடினமான ஒன்றைத் தரம் குறையாமல் சொல்ல முடியாதவருக்கு அது இன்னும் முழுதாகப் புரியவில்லை என்றே கொள்ள வேண்டும். கலைச்சொல் இல்லாத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே பயன்படுத்தட்டும், யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. அரசியல் ஆகிவிடும் என்ற அச்சம் இதைவிட நியாயமானது. சம்பளம் பெறும் ஓர் ஆசிரியர், குவாரியைப் பற்றிப் பேசிவிட்டு மறுவாரம் விளக்கக் கடிதம் எழுத நேரலாம். உரையின் பொருளைத் துறையே தீர்மானித்து, ஆய்வேடுகளில் வெளிவந்தவற்றை மட்டும் பேசி, உரையின் சுருக்கத்தை இரண்டு பக்கத் தமிழில் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அந்த ஆபத்து முழுதும் நீங்காவிட்டாலும், பேசியவர் தனியாக நிற்க மாட்டார்.

நேரத்தையும் இடத்தையும் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் ஏன், இரண்டுமே மீன் முட்டையிடும் காலத்தோடு பொருந்துகின்றனவா என்பதே முதல் உரைக்குத் தலைப்பாகலாம். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விழிஞ்ஞத்தில் ஒரு மையம் இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் ராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. பேசத் தகுந்தவர்கள் பேருந்தில் வந்துவிடும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். ஞாயிறு மாலை, தேவாலயப் பங்கு மண்டபம், நாற்பது நிமிட உரை, அதற்குக் குறையாத கேள்வி நேரம், மேடையும் பொன்னாடையும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் மண்டபம் கேட்டுத் தரும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். விலங்கியல், தாவரவியல் துறைகளில் இருக்கும் நண்பர்களில் தடைக்காலத்துக்குள் ஓர் உரைக்குப் பொறுப்பேற்க விரும்புவோர், தலைப்பையும் வசதியான ஞாயிற்றுக்கிழமையையும் குறிப்பிட்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.